செயலட்டையின் அடியில் ஒரு வரி

மூன்று ஆண்டுகளுக்கு முன், மட்டக்களப்பு வாவியை உதாரணமாக வைத்துச் சூழற்றொகுதி பற்றிய செயலட்டைகள் சிலவற்றைத் தயாரித்து, விஞ்ஞான ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவொன்றில் பகிர்ந்தேன். ஆறு மாதம் கழித்து அவை என் பெயர் நீக்கப்பட்டு, பக்கந்தோறும் ஒரு தனியார் வகுப்பின் பெயர் சாய்வாகப் பொறிக்கப்பட்டு, என் மாணவி ஒருத்தியின் கைக்கே வந்து சேர்ந்தன. கோபம் வந்தது. எனினும், அதைவிட என்னை உறுத்தியது பொத்துவிலில் படிப்பிக்கும் நண்பர் சொன்னதுதான்: "வாவிக்குப் பதிலா வயலப் போட்டா எங்கட பிள்ளைகளுக்கு நல்லா விளங்கும் சேர். நீங்க குறை நினைப்பீங்களோ என்டு விட்டுட்டன்."

கேட்காமல் எடுப்பவர் எடுத்துவிட்டார். கேட்கத் தயங்கியவர் ஒதுங்கிவிட்டார். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ், ஓர் ஆக்கம் உருவான கணத்திலேயே, எந்தப் பதிவும் இல்லாமல், அதற்குப் பதிப்புரிமை கிடைத்துவிடுகிறது. கற்பித்தலுக்கென்று சில விலக்குகள் உண்டுதான்; ஆனாலும் ஆக்கியவர் எதையும் சொல்லாதவிடத்து, திருத்தி மீண்டும் பகிர விரும்பும் நேர்மையான ஆசிரியருக்கு அந்த மௌனம் மறுப்பாகவே படுகிறது.

ஆகவே செயலட்டைகளின் அடியில் கிரியேட்டிவ் கொமன்ஸ் என்னும் அமைப்பின் உரிமம் ஒன்றை, அதாவது பிறர் என்ன நிபந்தனையில் பயன்படுத்தலாம் என்று முன்கூட்டியே சொல்லிவைக்கும் அனுமதியை, இட முடிவெடுத்தேன். அவ்வமைப்பு 2002 இல் வெளியிடத் தொடங்கிய இவ்வுரிமங்களில் எதைத் தெரிவது என்பதில்தான் நாட்கள் கழிந்தன. திருத்தத்தைத் தடுக்கும் வகை பொத்துவில் நண்பருக்கு உதவாது. வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் வகை அந்தத் தனியார் வகுப்பை நினைத்தபோது இனித்தது (மறைப்பானேன்). ஆனால் அந்த நிபந்தனையுள்ள ஆக்கங்களை விக்கிப்பீடியா ஏற்பதில்லை. ஈற்றில், பெயரைக் குறிப்பிட வேண்டும், செய்த மாற்றத்தைச் சொல்ல வேண்டும், திருத்திய வடிவத்தையும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும் என்னும் வகையையே எடுத்தேன். ஒருமுறை கொடுத்த உரிமத்தை மீளப் பெற முடியாது என்பதையும் தெரிந்தே கொடுத்தேன்.

அந்த வரியை எழுதுவது எளிது. அதற்குமுன், பாடநூலிலிருந்து ஒட்டியிருந்த படங்களைக் களைந்து நானே வரைய நேர்ந்தது. பிறருடைய படத்துக்கு உரிமம் வழங்க எனக்கு உரிமையில்லை. பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்டிருந்தவற்றை, அவ்வெழுத்துரு இல்லாத கணினியிலும் திருத்தக்கூடியதாக, யூனிக்கோட்டுக்கு மாற்றினேன். பி.டி.எஃப் கோப்பை மட்டும் கொடுத்துவிட்டுத் திருத்தலாம் என்பது பூட்டிய வீட்டுக்கு விருந்தழைப்பதாகும்.

சென்ற மாதம் பொத்துவில் வடிவம் வந்தது. கண்டலும் இறாலும் இருந்த இடத்தில் நெல்லும் எலியும் சாரைப்பாம்பும் இருந்தன; அடியில் எங்கள் இருவரின் பெயரும் அதே உரிம வரியும் இருந்தன. உணவுச் சங்கிலியில் ஓர் அம்புக்குறியை நான் உண்ணும் உயிரியிலிருந்து உண்ணப்படும் உயிரியை நோக்கி வரைந்திருந்தேன்; ஒரு வார்த்தையும் சொல்லாமல் அதையும் அவர் திருப்பி வைத்திருந்தார்.