க்ரைம் பீட்டுக்குப் போக நினைப்பவர்கள் எதைப் படிக்கலாம்?

இதழியல் படிக்க வருபவர்களில் க்ரைம் ரிப்போர்ட்டிங் ஆசை உள்ளவர்கள் முதலில் கேட்பது, "சோர்ஸ் எப்படிப் பிடிக்கிறது?" என்றுதான். சோர்ஸ், அதாவது உள்தகவல் தருபவர், மெல்ல வரும். அதற்குமுன் வழக்குக் காகிதம் படிக்கப் பழகுங்கள். தேர்வு, நேர்காணல், வேலை மூன்றிலும் எனக்குக் கைகொடுத்தது அதுதான்.

எஃப்.ஐ.ஆரை எடுத்ததும் கதைக்குப் போகாதீர்கள், நேரங்களைப் பாருங்கள். சம்பவம் எப்போது, ஸ்டேஷனுக்குத் தகவல் எப்போது, கோர்ட்டுக்கு அனுப்பியது எப்போது? மாஜிஸ்திரேட் கையெழுத்தோடு ஒரு நேரம் இருக்கும். இடையில் நியாயமில்லாத இடைவெளி இருந்தால், டிஃபன்ஸ் வக்கீல் அங்கேதான் பிடிப்பார். நீங்களும் அங்கேயே கேள்வியைத் தொடங்கலாம்.

அடுத்து ஒப்புதல் வாக்குமூலம். போலீசிடம் கொடுத்தது சாதாரண வழக்கில் சாட்சியமாகாது; அதை வைத்து மீட்ட பொருள் தொடர்பான பகுதி மட்டும் விதிவிலக்கு. ஆனால் மகாராஷ்டிராவின் 1999ஆம் ஆண்டு மோக்கா (திட்டமிட்ட குற்றக் கட்டுப்பாட்டு) சட்டத்தில் எஸ்.பி. நிலை அதிகாரி பதிவு செய்தால் செல்லும். இந்த வித்தியாசம் தெரியாமல் "குற்றத்தை ஒப்புக்கொண்டார்" என்று தலைப்பு வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கேஸ் ஸ்டடி கேட்டால் ஜே.டே கொலை வழக்கைத் தயார் செய்யுங்கள். மும்பை நிழலுலகை எழுதிவந்த 'மிட்-டே' நிருபர், 2011 ஜூன் 11 அன்று பவாயில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு இந்தக் கொலை வழக்கில் இன்னொரு நிருபர் ஜிக்னா வோராவும் மோக்காவில் கைதானார். 2018இல் நிழலுலக தாதா சோட்டா ராஜனுக்கு ஆயுள் தண்டனை, வோராவுக்கு விடுதலை. போலீஸ் தரப்பை மட்டும் நம்பி எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு, சக நிருபர் மீதே வந்த இந்த வழக்கைவிட வேறு பாடம் வேண்டாம்.

தேசப் பாதுகாப்பு என்றதும் எல்லோரும் 1923ஆம் ஆண்டு அலுவல் ரகசியச் சட்டத்தை எழுதிவிடுவார்கள். விட்டுவிடுவது ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) 24ஆவது பிரிவு: உளவு அமைப்புகளுக்கு விலக்கு உண்டு, ஆனால் ஊழல், மனித உரிமை மீறல் புகார்களில் அந்த விலக்கு இல்லை.

குற்றப்பத்திரிகையை இணையத்தில் போடச் சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2023இல் சொல்லிவிட்டது. அதனால் உயர் நீதிமன்ற ஜாமீன் உத்தரவுகளில் தொடங்குங்கள். இணையத்தில் இலவசம், பெரும்பாலும் இரு தரப்பு வாதமும் இருக்கும்.