டேங்கர் அலையில் சறுக்க டெக்சஸ் வரை

செலவு, போக்குவரத்து என்று வரிசையாகத்தான் எழுத நினைத்தேன், ஆனால் முதலில் அந்த அலையைச் சொல்லியாக வேண்டும். கப்பல் கிளப்பிய அலை! ஒரு கிலோமீட்டருக்கு மேல் சறுக்குப் பலகையில் நின்றபடியே போனேன், தொடை வலி இன்னும் போகவில்லை.

நம் சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் நின்றால் கண்ணுக்கெட்டிய தூரம் கப்பல்தான். ஆனால் சறுக்க அலை கிடையாது. அந்தக் கப்பல்களில் பல நங்கூரம் போட்டு நிற்பவை, இந்தியப் பெருங்கடல் அலையையோ சுமத்ரா மறித்துவிடுகிறது. டெக்சஸின் கால்வெஸ்டன் விரிகுடா கதையே வேறு. பெரும்பகுதி 2, 3 மீட்டர் ஆழம்தான். அதன் நடுவே ஹூஸ்டன் துறைமுகத்துக்குப் போகும் கப்பல்களுக்காகச் சுமார் 14 மீட்டர் ஆழத்துக்குக் கால்வாய் தோண்டியிருக்கிறார்கள். பாரம் ஏற்றிய டேங்கர், அதாவது எண்ணெய்க் கப்பல், அதில் வேகமாகப் போகும்போது தள்ளுகிற தண்ணீர், ஆழமில்லாத ஓரத்துக்கு வந்ததும் அலையாக நிமிர்கிறது.

படகுக்காரர் கைப்பேசியில் ஒவ்வொரு கப்பலின் வேகத்தையும் பார்த்துக்கொண்டே இருந்தார். காலியாக உயர்ந்து மிதந்து வந்த ஒன்றை வேண்டாம் என்று விட்டுவிட்டார். வெயிலில் காத்துக் கிடந்தோம். அப்புறம் வந்தது ஒன்று, அடிப்பக்கத்துச் சிவப்புச் சாயம் துளிகூட வெளியே தெரியாத அளவுக்கு அமிழ்ந்து. கால்வாய்க்குள் மட்டும் இறங்கவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவ்வளவு பெரிய கப்பலை நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. கப்பல் தாண்டிய பிறகு ஓரத்தில் குதித்தோம். பழுப்புத் தண்ணீர், முழங்கால் உயரம், வழவழவென்று ஒரே நீளமாக வந்துகொண்டே இருக்கிறது. பக்கத்துப் பலகையிலிருந்து மச்சான், “டேய், இன்னும் முடியலடா!” என்று கத்துகிறான். கடல் அலையில் சில விநாடிகளில் எல்லாம் முடிந்துவிடும், இங்கே நின்று பேசிக்கொண்டே போகலாம்!

சரி, பணம். ஹூஸ்டன் ஜார்ஜ் புஷ் விமான நிலையத்திலிருந்து கால்வெஸ்டனுக்கு 100 கிலோமீட்டருக்கு மேல், நம் எம்ஆர்டி ரயில் மாதிரி எதுவும் போகாது. எங்களை ஏற்றிவந்த ஓட்டுநர் பேசிய தொகைக்கு மேல் 40 டாலர் கேட்டார், பைகள் அதிகமாம்! ஏற்றும்போது வாய் திறக்காமல் இறக்கும்போது கேட்பது பகல் கொள்ளை. கொடுக்கவில்லை. சிங்கப்பூர் வெள்ளிக் கணக்கில் மாற்றிப் பார்த்தால் அங்கே ஒரு வேளைச் சாப்பாடே வயிற்றைக் கலக்கும், இங்கே தேக்காவில் அந்தக் காசுக்கு மூன்று பேர் சாப்பிடலாம். ஆனால் பொரித்த இறால் மட்டும் கேட்ட விலைக்குத் தகும். அன்று பிடித்தது, கடித்தால் இனிக்கிறது, மறுநாளும் அங்கேயேதான் போய் உட்கார்ந்தோம்.

படகு வாடகைதான் பெரிய அடி. ஆளுக்கு இல்லை, படகுக்கு. அதனால் இரண்டு பேராகப் போகாதீர்கள், படகு நிறைய ஆள் சேருங்கள். பலகையைச் சிங்கப்பூரிலிருந்து சுமக்க வேண்டாம், நாங்கள் போன படகிலேயே நீளப் பலகை கொடுத்தார்கள். காற்று பலமாக அடித்தால் அலை கலைந்துவிடும், கையில் உபரியாக ஓரிரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறைக்கு நான் ஆள் சேர்க்க ஆரம்பித்துவிட்டேன், வருகிறவர்கள் சொல்லுங்கள்.