கர்ப்பிணி அட்டையில் அந்த முதல் எடை

மதுரைப் பக்கம் பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போனால் இரண்டு பேச்சில் ஒன்று கட்டாயம் காதில் விழும். தாய் ஒல்லியாக இருந்தால், "இவ உடம்புல என்ன இருக்கு, புள்ளைக்குப் பால் எங்கிட்டு ஊறும்?" கொஞ்சம் பூசினாற்போல் இருந்தால், "ஆத்தாளுக்கு நல்ல உடம்பு, புள்ள தன்னால தேறிரும்." இரண்டுமே தப்பு. தாயின் எடைக்கும் பிள்ளையின் வளர்ச்சிக்கும் தொடர்பு உண்டு. ஆனால் அந்தத் தொடர்பு பிரசவத்துக்கு முன்னால்தான் பலமாக இருக்கிறது. கர்ப்பம் தரிக்கும்போது என்ன எடை, அதற்கு மேல் எவ்வளவு கூடியது: இந்த இரண்டையும்தான் பார்க்க வேண்டும்.

அதனால்தான் அரசின் கர்ப்பப் பதிவு எண்ணான பிக்மி நம்பர் வாங்கும்போது அட்டையில் எழுதும் முதல் எடை முக்கியம். நாள் தள்ளிப்போனதும், 12 வாரத்துக்குள் பதிந்துவிட வேண்டும். ஐந்தாம் மாதத்தில் போய் நின்றால் அதற்குள் மூன்று, நான்கு கிலோ கூடியிருக்கும். நிஜத்தில் 40 கிலோ இருந்தவர் அட்டையில் 44 ஆகிவிடுவார். ஒல்லி என்று கவனிக்க வேண்டியவர் சாதாரணக் கணக்கில் போய்விடுவார்.

ஒல்லியா, பருமனா என்று பார்க்கும் பி.எம்.ஐ. கணக்கு எளிது. எடையை கிலோவில் எடுத்து, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு தடவை வகுக்க வேண்டும். 152 செ.மீ. உயரம், 42 கிலோ என்றால் 42-ஐ 1.52-ஆல் வகுத்து, வந்ததை மறுபடி 1.52-ஆல் வகுத்தால் 18.2. இது 18.5-க்குக் கீழே, அதாவது எடைக் குறைவு. அதே உயரத்தில் 62 கிலோ என்றால் 26.8. நம் ஆட்களுக்கு 23-ஐத் தாண்டினாலே அதிகம் என்றும், 25-ஐத் தாண்டினால் உடல் பருமன் என்றும் எடுத்துக்கொள்கிறார்கள். இதே எடை உள்ள வெள்ளைக்காரர்களைவிட நம் உடம்பில் கொழுப்பு அதிகம், தசை குறைவு.

அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் 2009-ல் வெளியிட்ட அளவுகோல்படி எடை குறைந்தவருக்குக் கர்ப்பத்தில் 12.5 முதல் 18 கிலோ கூட வேண்டும். சரியான எடையில் இருப்பவருக்கு 11.5 முதல் 16. பி.எம்.ஐ. 25-க்கு மேல் என்றால் 7 முதல் 11.5, 30-ஐத் தாண்டியவருக்கு 5 முதல் 9 போதும். நம் ஊரில் டாக்டர்கள் பொதுவாகச் சொல்வது 10 முதல் 12 கிலோ. இதில் பிள்ளை மூன்று கிலோதான். மீதி நஞ்சுக்கொடி, பனிக்குட நீர், கர்ப்பப்பை, கூடிய ரத்தம், பால் சுரக்கச் சேர்த்துவைக்கும் கொழுப்பு. நாலாம் மாதத்துக்குப் பிறகு வாரத்துக்கு ஏறக்குறைய அரைக் கிலோ கூடலாம். ஒரே வாரத்தில் ஒரு கிலோவுக்கு மேல் ஏறி, முகமும் கையும் வீங்கினால் அது சாப்பாட்டுச் சதையில்லை, நீர். அன்றைக்கே பிரஷர் பார்க்க வேண்டும்.

ஒல்லியான தாய்க்கு என்ன ஆகிறது? கர்ப்பத்தில் கூட வேண்டிய ரத்தம் போதுமான அளவு கூடுவதில்லை, நஞ்சுக்கொடி சிறிதாக நிற்கிறது, பிள்ளைக்குப் போகும் சத்து குறைகிறது. பிறக்கும்போது இரண்டரைக் கிலோவுக்குக் கீழே வரும் ஆபத்து கூடுகிறது. இதில் "நிறைய சாப்பிட்டா புள்ள பெருத்துப்போய் ஆபரேஷன் ஆயிரும்" என்று கடைசி மூன்று மாதம் சோற்றைக் குறைக்கும் பழக்கம் வேறு. கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்குக் கூடுதலாகத் தேவை 350 கலோரி. ஒரு முட்டை, ஒரு கைப்பிடி வேர்க்கடலை, ஒரு டம்ளர் பால், அவ்வளவுதான். இரும்புச்சத்து மாத்திரையை காபியோடு விழுங்கினால் பாதி வீண். கால்சியம் மாத்திரையோடும் சேர்க்கக் கூடாது, இரண்டு மணி நேரம் இடைவெளி விட வேண்டும்.

எடை கூடிய தாயின் பிரச்சினை வேறு மாதிரி: கர்ப்பத்தில் ரத்தச் சர்க்கரை ஏற வாய்ப்பு அதிகம். தாயின் ரத்தத்திலுள்ள சர்க்கரை நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போகும், இன்சுலின் போகாது. வந்து குவியும் சர்க்கரையைச் சமாளிக்கப் பிள்ளையே இன்சுலினைச் சுரந்து தள்ளுகிறது. தோளிலும் உடம்பிலும் கொழுப்பு ஏறி, பிரசவத்தில் தோள் மாட்டிக்கொள்ளும் அபாயம் வருகிறது. தொப்புள்கொடியை வெட்டியதும் சர்க்கரை வரத்து நின்றுவிடும், இன்சுலின் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். நாலு கிலோவில் கொழுகொழுவென்று பிறந்த பிள்ளைக்குக் குதிகாலில் குத்தி சர்க்கரை பார்ப்பது இதனால்தான். முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் உள்ளே போக வேண்டும். சேனைத்தண்ணி வேண்டாம்.

இதைக் கண்டுபிடிக்கும் சோதனை நம் மாநிலத்தில் பழகிப்போன ஒன்று. சென்னை மருத்துவர் வி. சேஷையா முன்னெடுத்த முறை. 75 கிராம் குளுக்கோஸை 300 மி.லி. தண்ணீரில் கரைத்து ஐந்து, பத்து நிமிடத்துக்குள் குடிக்க வேண்டும். வெறும் வயிறாக இருக்க வேண்டியதில்லை. இரண்டு மணி நேரம் கழித்து 140 அல்லது அதற்கு மேல் காட்டினால் கர்ப்பகாலச் சர்க்கரை. அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்துவிட்டால் அன்றைய சோதனை செல்லாது, மறுநாள் திரும்பச் செய்ய வேண்டும். முதல் தடவை இல்லை என்று வந்தாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் இன்னொரு தடவை கட்டாயம். சோதனை முடிந்த கையோடு விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா குடிக்கப் போகிறவர்களும் உண்டு. என்ன சொல்ல!

பிள்ளை பிறந்த பிறகு கதை மாறுகிறது. 42 கிலோ தாய்க்கும் பால் போதுமான அளவு ஊறும். பிள்ளை எவ்வளவு இழுத்துக் குடிக்கிறதோ அவ்வளவு சுரக்கும். எடை கூடிய தாய்க்குத்தான் பால் இறங்கச் சற்றுத் தாமதமாகலாம். மூன்று நாளைத் தாண்டியும் போகும். அந்த இடைவெளியில் டப்பாப் பாலைப் புகட்டினால் பிள்ளை மார்பில் இழுப்பது குறையும், பால் இன்னும் பின்வாங்கும். பத்தியம் என்று தண்ணீரைக் குறைப்பதிலும் அர்த்தமில்லை. பால் கொடுக்கும் தாய்க்குத் தாகம் அதிகம், குடிக்கட்டும்.

பிள்ளையின் எடையைப் பார்ப்பதில்தான் வீடுகளில் வீண் கலவரம். முதல் நாட்களில் பிறந்த எடையில் நூற்றுக்கு ஏழு வரை குறைவது சகஜம். பத்தைத் தாண்டினால்தான் கவலை. இரண்டு வாரத்துக்குள் பழைய எடைக்கு வந்துவிட வேண்டும். பிறகு முதல் மூன்று மாதம் நாளுக்கு 25 முதல் 30 கிராம். ஐந்தாம் மாதம் பிறந்த எடையைப் போல இரண்டு மடங்கு, ஒரு வயதில் மூன்று மடங்கு. புதன்கிழமை தடுப்பூசிக்குப் போகும்போது அதே தராசில், துணியைக் கழற்றிவிட்டு நிறுக்கச் சொல்லுங்கள். ஒரு மாதம் சொக்காயோடு, மறு மாதம் சொக்காயில்லாமல் நிறுத்தால் எடை இறங்கியதாகக் காட்டும். பிள்ளையின் வளர்ச்சி அட்டையில் பார்க்க வேண்டியது ஒரு புள்ளியை அல்ல, கோடு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை. கோடு இரண்டு மாதம் படுத்துக்கிடந்தால் செவிலியரிடம் கேளுங்கள்.

சின்னதாகப் பிறந்த பிள்ளையைச் சீக்கிரம் கொழுக்கவைக்க டப்பாப் பாலும் சர்க்கரையும் ஊற்றுவது எனக்கு உடன்பாடில்லாத வேலை. அப்படி அவசரமாக ஏறும் எடை பெரும்பாலும் கொழுப்புதான், பின்னாளில் சர்க்கரை நோய்க்கு வழி வைக்கும். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். அதன் பிறகு கேழ்வரகுக் கஞ்சியானாலும் பருப்புச் சோறானாலும் கரண்டியைச் சாய்த்தால் வழியாமல் நிற்கும் பதத்தில். தண்ணியாகக் கரைத்தால் வயிறு நிறையும், எடை ஏறாது.

தாயும் அதே தராசில் ஏறிப் பார்க்கலாம். அடுத்த கர்ப்பத்துக்குக் குறைந்தது இரண்டு வருட இடைவெளி என்று சொல்வது இதற்கும் சேர்த்துத்தான். ஒல்லியான தாய் இழந்ததைத் திரும்பச் சேர்க்கவும், எடை கூடியவர் வாரத்துக்கு அரைக் கிலோவுக்கு மிகாமல் மெதுவாக இறங்கவும் அந்த இரண்டு வருடம் வேண்டும்.