ஒரு நியூட்ரல் வயரால் போன தேர்வு: ஆர்சிசிபி ட்ரிப்பிங் பிராக்டிகல் அனுபவம்

மின்வேலை பிராக்டிகல் தேர்வு முடிவு நேற்று வந்தது, தேறிவிட்டேன். போன முறை இதே ட்ரிப்பிங் கேள்வியில்தான் கவிழ்ந்தேன், அதுவும் ஒரே ஒரு வயரால். தியரி பற்றி எழுதப்போவதில்லை, அது படித்தால் வந்துவிடும்.

போன முறை கொடுத்தது மூன்று ஃபேஸுக்கும் நியூட்ரலுக்குமான நாலு முனை (போல்) 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் சப்ளையை அறுக்கும் சுவிட்ச். அதன் கீழே விஎஃப்டியில் (மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ்) ஓடும் ஒரு மோட்டார், எண்ணெய்த் தொட்டிக்கு ஒற்றை ஃபேஸ் ஹீட்டர். மெஷின் ஓடும்போது ஆர்சிசிபி இடையிடையே விழுகிறது (ட்ரிப் ஆகிறது), காரணம் கண்டுபிடிக்க வேண்டும். வயர்களைச் சுற்றிப் பிடித்துக் கசிவை அளக்கும் லீக்கேஜ் கிளாம்ப் மீட்டரை எடுத்து மூன்று ஃபேஸையும் சேர்த்துப் பிடித்தேன். நியூட்ரல் பின்னால் ஒதுங்கிக் கிடந்தது, விரல் நுழையவில்லை, சரி போகட்டும் என்று விட்டுவிட்டேன். மீட்டர் 1.8 ஆம்பியர் காட்டியது. கசிவு 1.8 ஆம்பியர் என்று தாளில் எழுதியும் கொடுத்தேன். தேர்வாளர் படித்துவிட்டு, "அவ்வளவு கசிந்தால் இந்த ஆர்சிசிபி ஒரு நொடியாவது நிற்குமா தம்பி?" என்று மட்டும் கேட்டார். அது ஹீட்டர் இழுத்து நியூட்ரல் வழியாகத் திரும்பிப் போகும் கரண்ட், கசிவே இல்லை.

நாலையும் சேர்த்துப் பிடியுங்கள், அப்போதுதான் போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் கழிந்து கசிவு மட்டும் மிஞ்சும். நாலையும்!

இந்த முறை நாலையும் பிடித்து, ஒவ்வொன்றாகப் போட்டுப் போட்டு எழுதினேன். ஹீட்டர் மட்டும் 3 மில்லி, டிரைவுக்கு சப்ளை கொடுத்ததும் 11, மோட்டார் ஓடியதும் 21. 30 வரவில்லையே என்று குழம்பாதீர்கள். 30 மில்லி ஆர்சிசிபி 15க்கு மேல் எங்கே வேண்டுமானாலும் விழலாம், அது பழுதில்லை. கசிவு வருவது டிரைவின் ஃபில்டர் கெப்பாசிட்டர்களிலிருந்தும் நீளமான ஷீல்டு கேபிளிலிருந்தும். கேரியர் ஃப்ரீக்வென்சியை (டிரைவ் உள்ளே சுவிட்ச் ஆகும் வேகம்) குறைத்தால் கொஞ்சம் இறங்கும், ஆனால் மோட்டார் கத்தும்.

எதையும் கழற்றுவதற்கு முன் எப்போது விழுகிறது என்று பாருங்கள்:
- சுவிட்ச் போட்ட நொடியில்: ஃபில்டர் சார்ஜ் ஆகும் கரண்ட். சிறு தாமதம் உள்ள வகை தாங்கும்.
- பல நாள் சும்மா கிடந்த பிறகு: ஹீட்டரில் ஈரம்.
- பக்கத்து மெஷினைப் போட்டால் இது விழுகிறது: நியூட்ரல் எங்கோ கலந்திருக்கிறது, அல்லது எர்த்தைத் தொடுகிறது.
- விழுவது எம்சிபி (கரண்ட் அளவுக்கு மீறினால் அறுக்கும் பிரேக்கர்) என்றால் கதையே வேறு, ஸ்டார்டிங் கரண்டையும், அதைத் தாங்கும் அளவைச் சொல்லும் சி, டி கர்வையும் பாருங்கள்.

மெகர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) 500 வோல்ட்டில் போடும் முன் டிரைவைக் கழற்றிவிடுங்கள். இதை மறந்தவர்களைக் கண்ணெதிரே வெளியே அனுப்பினார்கள்.

வைவாவில் "30ஐ எடுத்துவிட்டு 300 போட்டால் என்ன?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள். 300 தீயைத் தடுக்க, 30 ஆளைக் காப்பாற்ற. டிரைவைத் தனி சர்க்யூட்டாகப் பிரித்து அதற்கென்று ஆர்சிசிபி கொடுப்பேன் என்றேன். என்ன டைப் என்று அடுத்த கேள்வி. மூன்று ஃபேஸ் டிரைவில் பழுது வந்தால் சீரான டிசி கசியலாம், 6 மில்லிக்கு மேல் போனால் சீரான டிசியை உணராத டைப் ஏ ஆர்சிசிபி மரத்துப்போகும், அதனால் அதையும் உணரும் டைப் பி. அங்கே தலையாட்டினார்.

நான் மெதுவாக எழுதிக்கொண்டே வேலை செய்கிற ஆள், 12 நிமிடம்தான் மிச்சம் இருந்தது. வேகக்காரர்களுக்கு இந்த முறை எரிச்சலாக இருக்கும். ஆனாலும் கிளாம்பின் வாய் முழுதாக மூடியிருக்கிறதா என்றாவது பாருங்கள். பக்கத்து மேசைக்காரர் இடையில் ஒரு கேபிள் டை சிக்கியதைக் கவனிக்காமல், மீட்டர் காட்டிய தப்பு எண்ணை நம்பி நல்ல ஹீட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தார்.