விடிகாலை வெளிச்சத்தை விட்டுக்கொடுத்தபின்

பறவைப் படம் எடுக்கிறவர்களுக்கு நாள் நாலரை மணிக்கே தொடங்கிவிடும். இருட்டோடு கிளம்பி, சூரியன் எழும்போது குளக்கரையில் இருக்க வேண்டும். பறவைகள் வந்து கூடு கட்டும் கூந்தன்குளத்துக்கு நானும் பல வருடம் அப்படித்தான் போய்வந்தேன். முடக்குவாதம் வந்தவர்களுக்கு நாளின் மிக மோசமான நேரமும் அதுதான். தூங்கி எழுந்ததும் விரல்கள் மடங்காது. அந்த இறுக்கம் விட எனக்கு ஒன்றரை மணி நேரமாவது ஆகும். ஆஸ்பத்திரிச் சீட்டில் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்று போட்டிருப்பார்கள். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சரவாங்கி என்பார்கள்.

நான் திருநெல்வேலியில் பள்ளி ஆசிரியை. படம் எடுப்பதில் எனக்கு ஒரு பைசா வருமானம் கிடையாது. ஆனாலும் நீ யார் என்று யாராவது கேட்டால் மனசில் முதலில் வருவது அதுதான். நோய் வந்த புதிதில் நான் தேடித்தேடிப் படித்தபோது மருந்தைப் பற்றி எழுதியவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். கேமராவைப் பற்றியும் அப்படியே. இரண்டையும் சேர்த்துச் சொன்ன ஒருவரும் என் கண்ணில் படவில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு காய்ச்சலுக்குப் பிறகு கைவிரல் மூட்டுகள் வீங்கின. சிக்குன்குனியாவின் மிச்சம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். வலிமாத்திரை போட்டால் குறையும், விட்டால் திரும்ப வரும். என் மாமியார்தான் சந்தேகப்பட்டார்கள். "ரெண்டு கையிலயும் ஒரே எடத்துலல்லா வீங்கியிருக்கு. இது சும்மா வலி இல்லம்மா, பெரிய டாக்டர்ட்ட காட்டு" என்றார்கள். அத்தை சொன்னது சரி. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்கும் நோய் இது. பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பிடிக்கும். இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி சி.சி.பி. என்று ரத்தப் பரிசோதனைகள், கைகளுக்கு எக்ஸ்ரே. எல்லாம் பார்த்துவிட்டு மூட்டுவாத நிபுணர் உறுதியாகச் சொன்னார்.

அடுத்த முறை போனபோது கேமராவைக் கையோடு கொண்டுபோனேன். வலி பத்துக்கு எத்தனை என்று டாக்டர் கேட்டார். எண் சொல்லி அவருக்கு என்ன புரியும் என்று தோன்றியது. கேமராவை எடுத்து, குளக்கரையில் பிடிப்பதுபோலவே பிடித்துக் காட்டினேன். லென்சின் எடை முழுவதும் இடது மணிக்கட்டில் இறங்குகிறது. வலது ஆட்காட்டி விரல், ஃபோகஸ் நிற்பதற்காக ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தியபடி நிமிடக்கணக்கில் நிற்கிறது. அவர் எழுந்து வந்து என் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். "எது முதல்ல வலிக்குது? எவ்வளவு நேரத்துல?" என்று கேட்டார். அன்றைக்குத்தான் சிகிச்சை எனக்கானதாக மாறியது. இந்த நோய் உள்ளவர்களிடமெல்லாம் இதைத்தான் சொல்கிறேன்: வலியை மட்டும் சொல்லாதீர்கள், உங்கள் கை எந்த வேலைக்கு வேண்டும் என்று சொல்லுங்கள். அது பூக்கட்டுவதாக இருக்கலாம், வீணையாக இருக்கலாம்.

முக்கிய மருந்து மெத்தோட்ரெக்சேட். வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான் எடுக்க வேண்டும். தெரியாமல் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து என்பதால், என் சீட்டில் கிழமையின் பெயரைப் பெரிதாக எழுதி வட்டம் போட்டுக் கொடுத்தார்கள். கூடவே ஃபோலிக் அமிலம், அவ்வப்போது கல்லீரலுக்கும் ரத்த அணுக்களுக்கும் பரிசோதனை. மருந்து வேலை செய்கிறதா என்று தெரியவே 6 முதல் 12 வாரம் ஆகும். அதுவரை சிறு அளவில் ஸ்டீராய்டு. மறுநாள் பள்ளி விடுமுறை என்பதால் முதலில் சனிக்கிழமை இரவு போடச் சொன்னார்கள். ஞாயிறு முழுக்கக் குமட்டல், அசதி. எனக்குக் கேமராவோடு வெளியே போகக் கிடைப்பதோ அந்த ஒரு நாள்தான். அதையும் டாக்டரிடம் சொன்னேன். வெள்ளிக்கிழமை இரவுக்கு மாற்றிக்கொடுத்தார். குமட்டலைச் சனிக்கிழமையோடு முடித்துக்கொண்டேன்.

இரண்டாவது மருந்தின் பெயரைக் கேட்டதும்தான் எனக்கு நிஜமான பயம் வந்தது. ஹைட்ராக்சிகுளோரோக்வின். மலேரியாவுக்கும் கொடுக்கிற மருந்து, மூட்டுவாதத்துக்கும் நன்றாக வேலை செய்யும். ஆனால் வருடக்கணக்கில் எடுப்பவர்களில் சிலருக்கு விழித்திரையைப் பாதிக்கலாம், அப்படிப் பாதித்தால் பார்வை திரும்பாது. விரலுக்காகக் கண்ணைப் பணயம் வைப்பதா என்று ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. விரல் போனாலும் ஏதாவது வழி இருக்கும், கண் போனால் எனக்கு என்ன இருக்கிறது?

கண் டாக்டர் பொறுமையாக விளக்கினார். உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் ஆபத்து குறைவு. மருந்து தொடங்கிய முதல் வருடத்துக்குள் ஒரு பரிசோதனை, 5 வருடம் கழிந்த பிறகு ஆண்டுதோறும் ஒன்று என்பது வழக்கம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் முன்னதாகவே ஆண்டுதோறும் பார்ப்பார்கள். நமக்குப் பார்வையில் எதுவும் தெரிவதற்கு முன்பே பரிசோதனையில் மாற்றம் தெரிந்துவிடும், அப்போதே மருந்தை நிறுத்திவிடலாம். எனக்கு 5 வருடம் காத்திருக்க மனசு வரவில்லை. முதலிலிருந்தே வருடம் ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன் என்றேன். சரி என்றார்.

அந்தப் பரிசோதனையில் ஒன்று, இருட்டான கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து நடுப்புள்ளியையே பார்த்துக்கொண்டிருப்பது. சுற்றிலும் எங்காவது ஒளிப்பொட்டு மினுங்கினால் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். முதல் தடவை, பாதியிலேயே கட்டைவிரல் வலித்து அழுத்த முடியாமல் போனது. ஒளி தெரிகிறது, விரல் வரவில்லை. எந்திரமோ நான் அந்தப் பொட்டைப் பார்க்கவில்லை என்று குறித்துக்கொள்ளும். பரிசோதனை செய்த பெண் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு நிறுத்தினாள். "அவசரமே இல்லக்கா, கையை மாத்திப் பிடிச்சுக்கங்க" என்று தட்டிக்கொடுத்து மறுபடி தொடங்கினாள். அப்புறம் கண்ணில் சொட்டு மருந்து. கண்மணி விரிந்ததும், லென்சில் ஒளி நுழையும் துளையான அபர்ச்சரை முழுக்கத் திறந்துவைத்ததுபோல் உலகம் வெளுத்துப்போனது. முடிவு வரும்வரை அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது எனக்கு வாழ்நாளுக்கும் மறக்காது. விழித்திரை சுத்தமாக இருந்தது. வருடாவருடம் அந்த நாற்காலியில் உட்காருகிறேன், பயமும் வருடாவருடம் வருகிறது.

அடுத்தது எடை. என் கேமரா நிக்கான் டி7200, அதில் தூரத்துப் பறவையைக் கிட்டே காட்டும் 200-500 மில்லிமீட்டர் லென்ஸ். லென்ஸ் மட்டும் 2.3 கிலோ, பாடியோடு மூன்று கிலோவைத் தாண்டும். நகையை அடகு வைத்து வாங்கிய லென்ஸ். விற்ற அன்று அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. பதிலுக்குப் பழைய ஒலிம்பஸ் பாடி ஒன்றும் 75-300 லென்சும் வாங்கினேன். அந்த லென்ஸ் 423 கிராம். படம் பதியும் சென்சார் சிறியது என்பதால் லென்சின் 300 மில்லிமீட்டரே, ஃபுல் ஃபிரேம் என்கிற பெரிய சென்சார் கேமராவின் கணக்கில் 600 ஆகிவிடும். குறையும் இருக்கிறது: அந்த 300 முனையில் அபர்ச்சர் எஃப் 6.7 அளவுக்குத்தான் திறக்கும், மங்கலான வெளிச்சத்துக்கு உதவாது. விடிகாலையில் போகாதவளுக்கு அதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

மற்றதெல்லாம் சின்னச் சின்ன மாற்றங்கள். ஃபோகசைப் பின்பக்கப் பொத்தானுக்கு மாற்றியதில் ஷட்டரைப் பாதி அழுத்திப் பிடிக்கும் வேலை ஒழிந்தது. கட்டைவிரலும் மக்கர் செய்யும் நாளில் திரையைத் தொட்டே எடுக்கிறேன். ஜூம் வளையத்தில் சைக்கிள் ட்யூப் துண்டை மாட்டித் தடிப்பாக்கினேன். விரலால் திருகாமல் உள்ளங்கையால் உருட்டலாம். சின்ன மூட்டுக்குப் பதில் பெரிய மூட்டைப் பயன்படுத்து என்று பிசியோதெரபியில் மெழுகு ஒத்தடம் கொடுக்கும்போது சொல்லித் தந்ததுதான் இது. கேமராவைத் தாங்க அத்தை பழைய ஜமுக்காளத்தில் ஒரு பை தைத்து, புளியங்கொட்டை நிரப்பிக் கொடுத்தார்கள். மதில்மேல் வைத்தாலும் கார் ஜன்னலில் வைத்தாலும் லென்ஸ் சொன்னபடி உட்காரும். கடையில் விற்பதைவிட நன்றாகவே இருக்கிறது.

இனி கூந்தன்குளம். 1994ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஊர். வீட்டு வாசலில் நிற்கும் மரத்திலேயே மஞ்சள் மூக்கு நாரை கூடு கட்டியிருக்கும், கீழே பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருப்பார்கள். பறவை வந்தால்தான் ஊருக்கு நல்லது என்று நம்புகிற ஜனங்கள். முன்பெல்லாம் விடிந்து இரண்டு மணி நேரத்தில் படம் எடுத்து முடித்துவிட்டுக் கிளம்பிவிடுவோம். வெயில் ஏறினால் படம் கெட்டுப்போகும் என்பது எங்கள் கூட்டத்தில் வேதவாக்கு. இப்போது நான் போய்ச் சேரும்போது அவர்கள் திரும்பிக்கொண்டிருப்பார்கள். டீக்கடைப் பெரியவர்கூடக் கேட்டார்: "என்ன தாயி, எல்லாரும் போன பெறவு வாரியே?" கை காலையில் மடங்காது என்றேன். "அப்ப வெயில்ல இருக்கிற பறவையப் பாரு" என்றார்.

பார்த்தேன். பத்து மணி வெயிலில், கூட்டில் இன்னும் இறகு முளைக்காத குஞ்சுகள். தாய் நாரை வெயிலுக்கு முதுகு காட்டி நின்று இரண்டு சிறகையும் பாதி விரித்தது. குஞ்சுகள் நிழலுக்குள் நகர்ந்தன. சூரியன் நகர நகர அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. சிறகின் ஊடாக இறங்கிய வெளிச்சம் குஞ்சுகள்மேல் வெளிர்சிவப்பாக விழுந்தது. பக்கத்து மரத்தில் கூழைக்கடா வாயைத் திறந்து தொண்டைப் பையைப் படபடவென்று ஆட்டி உடம்புச் சூட்டைத் தணித்துக்கொண்டிருந்தது. குளிர்ந்த விடிகாலையில் இதில் ஒன்றைக்கூடப் பார்க்க முடியாது. அத்தனை வருடம் போய்வந்தும் எனக்குத் தெரியாத பறவைகள் இவை. நோய்க்கு நன்றி சொல்ல நான் தயாரில்லை, அது எடுத்துக்கொண்டது அதிகம். ஆனால் அந்தப் படங்கள் என் படங்கள், வேறு யாரிடமும் இல்லாதவை.

நோய் சீறும் நாள்களும் உண்டு. அன்றைக்குக் கூந்தன்குளம் என்ன, சமையலறையே தூரம். பிராக் நகரத்தில் யோசப் சுடெக் என்று ஒரு கலைஞர் இருந்தார். முதல் உலகப் போரில் வலது கையை இழந்தவர், அதற்குப் பிறகுதான் முழுநேரப் புகைப்படக்காரர் ஆனார். தன் ஸ்டுடியோ ஜன்னலையும் அதன் கண்ணாடியில் படியும் ஈரத்தையும் வருடக்கணக்கில் எடுத்திருக்கிறார். அவர் படங்களைப் பார்த்த பிறகு, படுக்கையிலிருந்து தெரிகிற எங்கள் ஜன்னல் கம்பியையும் முருங்கை மரத்தையும் எடுக்கத் தொடங்கினேன். எல்லாம் நன்றாக வரவில்லை. சிலது வந்திருக்கிறது.

உறவுக்காரர்கள் "இன்னும் அதைத் தூக்கிக்கிட்டு அலையணுமா?" என்று கேட்பதற்குப் பழகிவிட்டேன். நண்பர்களின் பரிவுதான் கஷ்டமாக இருந்தது. முன்பு என் படத்தைப் போட்டால், ஓரம் வெட்டிய கிராப் சரியில்லை, பின்னணி இடிக்கிறது என்று சண்டைக்கு வருவார்கள். நோய் தெரிந்த பிறகு எல்லாப் படத்துக்கும் "அருமை". ஒரு கண்காட்சிக்குப் படம் கேட்டவர்கள், குறிப்பில் நோயைப் பற்றி இரண்டு வரி சேர்த்தால் பார்ப்பவர்கள் மனசு உருகும் என்றார்கள். முடியாது என்றேன். நாரை சிறகு விரித்து நிற்பதைப் பார்த்து உருகட்டும். என் மூட்டு அந்தச் சட்டத்துக்குள் இல்லை. நண்பர்களிடமும் நேராகச் சொன்னேன்: உடம்பை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் படத்தைப் பாருங்கள். இப்போது மறுபடி திட்டுகிறார்கள்.

இந்த வருடம் மனிதர்களின் கைகளை எடுத்துக்கொண்டிருக்கிறேன். பத்தமடையில் கோரைப்பாய் நெய்யும் பெண்கள். தாமிரபரணிக் கரையில் வளரும் கோரையைத் தண்ணீரில் ஊறப்போட்டு, நூல் மாதிரி மெல்லிசாகக் கிழித்து நெய்கிறார்கள். நெய்தபின் பட்டுத்துணிபோல் மடித்துவைக்கலாம். மதியம் போனால் அவர்களுக்கும் வசதி, எனக்கும் வசதி. வயதான நெசவுக்காரம்மா ஒருவர் என் விரலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, தன் விரலையும் பக்கத்தில் நீட்டிக் காட்டினார். அவருக்கும் மூட்டு தடித்திருந்தது. எந்த டாக்டரிடம் காட்டுகிறேன், என்ன மாத்திரை, வாரத்துக்கு எத்தனை நாள் என்று விவரமாகக் கேட்டுக்கொண்டார். சொன்னேன். முதலில் ரத்தம் பார்க்காமல் எதையும் வாங்கிப் போட்டுவிடாதீர்கள் என்றும் சொன்னேன். வருகிற வெள்ளிக்கிழமை நான் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அவரையும் கூட்டிப்போகிறேன். கோரை ஊறப்போடுவதை இன்னும் எடுக்கவில்லை, அதை அடுத்த ஞாயிறுக்கு வைத்திருக்கிறேன்.