டெபிட் போட்டால் தரம் வராது

திருப்பூரில் பெரிய கம்பெனிகளுக்கு எல்லாமே ஒரே காம்பவுண்டுக்குள் நடந்துவிடும். நம்மைப் போன்ற சின்னப் பின்னலாடை யூனிட்டுக்கு நூல் ஒரு பக்கம், நிட்டிங் ஒரு பக்கம், அங்கிருந்து சாயப்பட்டறை, காம்பாக்டிங் (துணி பின்னால் சுருங்காமல் அழுத்திச் சீராக்குவது) என்று ஊரைச் சுற்றித்தான் துணி கட்டிங் டேபிளுக்கு வருகிறது, சீசன் நேரத்தில் தையலையும் வெளியே கூலிக்குத் தைத்துத் தரும் பவர்டேபிளுக்குக் கொடுத்துவிடுகிறோம். இத்தனை கை மாறிய சரக்கைக் கடைசியில் செக்கிங்கில் பிடித்துக்கொள்ளலாம் என்றுதான் பல யூனிட்டில் நினைக்கிறார்கள். பிடிக்கலாம்தான். ஆனால் காசு அதற்குள் போய்விட்டிருக்கும்.

நூல் லாட், அதாவது மில்லில் ஒரே தடவையாக ஓட்டிய நூல், இன்னொன்றோடு கலந்துபோவதை எடுத்துக்கொள்ளுங்கள். கவுன்ட் (நூலின் பருமன்) ஒன்றுதான், மில்லும் ஒன்றுதான், ஆனால் இரண்டு லாட் நூல் கோன் ஒரே மெஷினில் ஏறிவிட்டது. சாயம் போடாத கிரே துணியில் ஒன்றும் தெரியாது. பஞ்சு லாட்டுக்கு லாட் ஒரே முதிர்ச்சியில் இருப்பதில்லை, முதிராத பஞ்சு சாயத்தை வெளிறலாகத்தான் பிடிக்கும், அதனால் சாயம் ஏறி வந்த பிறகுதான் துணியின் குறுக்கே வரி வரியாகக் கோடு எழும். நூல் காசு, நிட்டிங் கூலி, சாயக் கூலி எல்லாம் அந்த ரோலுக்குள் போன பிறகு! 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவால் நம் ஊர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டு, கழிவுநீர் ஒரு சொட்டும் நொய்யல் ஆற்றுக்குப் போகக் கூடாது என்ற முறைக்கு வந்த பிறகு, சாயத் தண்ணீரைச் சுத்திகரிக்கும் செலவும் நம் கூலிக்குள்தான் இருக்கிறது. அது நியாயமான செலவு, ஆனால் ஒரே ரோலை மறுபடி சாயத்துக்கு அனுப்பி அதை இரண்டு தடவை கொடுக்க யாருக்குக் கட்டும்?

லாட் மாறியது யாருக்கு முதலில் தெரியும்? கோனை மாட்டிய நிட்டிங் ஆபரேட்டருக்கு. கோனுக்குள் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை அவர்தான் பார்க்கிறார். கேள்வியெல்லாம், அவர் நமக்குப் போன் போடுவாரா என்பதுதான்.

பெரும்பாலும் போட மாட்டார். சொன்னால் பில்லில் டெபிட் விழும், நஷ்டத்தை அவர் கூலியில் பிடித்துக்கொள்வோம் என்று தெரியும். சொல்லாவிட்டால், பழி சாயப்பட்டறை மேல் போனாலும் போகும். நாம்தான் அப்படிப் பழக்கி வைத்திருக்கிறோம். என் யூனிட்டில் இப்போது ஒரே விதி: துணி அடுத்த கைக்குப் போகும் முன் குறையைச் சொன்னால் டெபிட் கிடையாது, செலவை ஆளுக்குப் பாதி பேசிக்கொள்ளலாம். "அண்ணா, நாலு ரோல்ல லாட் மாறிப்போச்சுங்க, தனியா எடுத்து வெச்சிருக்கேனுங்க, அனுப்பட்டுங்களா, வேண்டாங்களா?" என்று ஒரு போன் வந்தது. அந்த நாலையும், கோடு அவ்வளவாகத் தெரியாத கறுப்பு ஷேடுக்கு ஒதுக்கிவிட்டோம், வேலை முடிந்தது. அந்த மாதிரி ஆளுக்குக் கிலோவுக்குக் கொஞ்சம் கூலி கூடக் கொடுத்தாலும் தப்பில்லை என்பேன்.

எடையும் அப்படித்தான். ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு) பார்க்கும் கட்டரில் வெட்டும் வட்டத் துண்டு 100 சதுர சென்டிமீட்டர். தராசில் 1.80 கிராம் காட்டினால் துணி 180 ஜிஎஸ்எம். கேட்டது 180 ஆக இருந்து 1.90 காட்டினால், 'துணி நல்லா கனமா இருக்கே' என்று சந்தோஷப்படக் கூடாது. கிலோவுக்கு 5.56 சதுர மீட்டர் வர வேண்டிய துணி 5.26 தான் வரும், ஏறக்குறைய இருபது பீஸுக்கு ஒரு பீஸ் துணி அங்கேயே போச்சு. இதைக் காம்பாக்டிங் பட்டறையிலேயே வெட்டிப் பார்த்து, டெலிவரி சலானில் ரோல் நம்பர், நூல் லாட், எடை, ஜிஎஸ்எம் நாலையும் எழுதித்தான் வண்டி ஏற்ற வேண்டும். ரோல் மேலேயும் மார்க்கரில் லாட் நம்பர் இருக்க வேண்டும், கட்டிங்கில் பண்டல் போடும்போது ஒரு பீஸின் முன்பக்கமும் கையும் வேறு வேறு லாட்டில் இருந்து வராமல் இருக்க அது உதவும்.

அப்புறம் பணம். கூலிக்கு வேலை செய்து கொடுத்தவரின் ஜாப் ஒர்க் காசை மூன்று மாதம் இழுத்துவிட்டு, அவர் நமக்கு அக்கறையாகத் துணி பார்க்க வேண்டும் என்றால் எப்படி? 2006-ன் எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டப்படி, குறு சிறு யூனிட்டாகப் பதிந்தவருக்கு ஒப்பந்தம் எழுதியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது, எழுதாவிட்டால் 15 நாள்தான். 2023-24 நிதியாண்டில் இருந்து, இந்தக் கெடு தாண்டிய பாக்கியைக் கொடுத்து முடித்த வருடத்தில்தான் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியும் என்றும் வந்துவிட்டது. ஆடிட்டர் மார்ச்சில் கத்துவது இதற்காகத்தான். எங்கள் நிட்டிங்காரர், பவர்டேபிள்காரர் எல்லோரையும் குறு சிறு தொழிலுக்கான உத்யம் பதிவு போடச் சொல்லியிருக்கிறேன். அது நமக்கே கெடு வைத்துக்கொள்வது போலத்தான், இருக்கட்டும்.

நமக்கு மேலே இருக்கும் எக்ஸ்போர்ட்டர் மட்டும் இன்னும் பழைய மாதிரியே, ஷிப்மென்ட் போய்ப் பல வாரம் கழித்து ஒரு டெபிட் நோட்டை அனுப்பிவிடுகிறார். அடுத்த ஆர்டர் பேசும்போது அவரிடமும் இதே விதியைக் கேட்கப் போகிறேன்: கட்டிங் போடும் முன் நான் எழுத்தில் சொன்ன குறைக்கு டெபிட் கிடையாது, பிஓவிலேயே (ஆர்டர் சீட்டு) அதை ஒரு வரியாகச் சேர்க்க வேண்டும். வேறு யாராவது இப்படி எழுதி வாங்கியிருந்தால் சொல்லுங்கள், வாசகத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.