கை வரையத் தெரிந்தவர்கள்

பவானியில் நம் பள்ளியில் படித்தவர்களிடம் ஓவியத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், பெரும்பாலோர் டிராயிங் வாத்தியார் அடிக்கடி சொல்லும் ஒரு வாக்கியத்தைத்தான் முதலில் நினைவுகூர்வார்கள்: “கை வரையத் தெரியாதவன்தான் கையைக் கொண்டுபோய் முதுகுக்குப் பின்னால் ஒளிச்சு வைப்பான்.” அப்படிச் சொன்ன அதே மனிதர், ஒரு கையை முதுகின்மேல் மடித்து வைத்திருக்கும் பெண்ணின் படம் ஒன்றை ஏதோ பழைய பத்திரிகையிலிருந்து கத்தரித்து, வகுப்பறைச் சுவரில் ஒட்டியும் வைத்திருந்தார். கறுப்பு வெள்ளையில் மங்கலாக அச்சாகியிருந்த அந்தப் படத்தில், அறுவடை முடிந்த வயலில் மூன்று பெண்கள் குனிந்து, சிந்திக் கிடக்கும் கோதுமைக் கதிர்களைப் பொறுக்கிக்கொண்டிருப்பார்கள். பிரெஞ்சு ஓவியர் மில்லே 1857ஆம் ஆண்டு வரைந்த ஓவியம் அது.

அந்தப் பெண்ணின் கை ஏன் முதுகுக்குப் போனது என்று அவர் எங்களைக் கேட்டார். கடலைக்காய் பறித்து முடிந்த காட்டில், மண்ணுக்குள் தப்பி நின்ற காய்களைக் கிளறிப் பொறுக்கப் போகும் அம்மாக்களின் பிள்ளைகள் எங்கள் வகுப்பில் பலர் இருந்தார்கள். அவர்களுக்குப் பதில் உடனே தெரிந்தது. நாள் முழுக்கக் குனிந்து இடுப்பு கடுத்துப்போனவருக்குக் கை தானாகவே அங்கே போய்விடும். மில்லே நார்மண்டிப் பகுதியில் உழவர் வீட்டில் பிறந்து, வயல் வேலையைச் செய்து வளர்ந்தவர் என்பதை வாத்தியார் அதற்குப் பிறகுதான் சொன்னார். படத்தின் பின்புறத்தில், வெயில் படும் தூரத்தில், வைக்கோல் போர்களும் பாரம் ஏற்றிய வண்டியும் குதிரைமேல் அமர்ந்த கண்காணியும் சிறிதாகத் தெரிகின்றன. விளைச்சல் முழுவதும் அங்கே இருக்க, முன்னால் பெரிதாக நிற்பவர்கள் பொறுக்க வந்த பெண்கள். ஏழைத் தொழிலாளர்கள் கிளர்ந்தெழுந்த 1848 புரட்சியின் நினைவு ஆறாதிருந்த பாரிஸ் நகரத்துச் செல்வர்களில் பலருக்கு உருவங்களுக்கு இப்படி இடம் பிரித்துக் கொடுத்ததே எரிச்சலூட்டியது. ஏழைகளை வரைந்ததை அவர்கள் பொறுத்துக்கொண்டிருப்பார்கள். படத்தின் நடுவே, தலைவர்களை வரையும் அளவுக்குக் கனம் கொடுத்து வரைந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை என்று நினைக்கிறேன்.

பிழைப்புக்காக நெதர்லாந்துக்கு வந்து குடியேறிய பிறகுதான், டச்சு ஓவியர் வான்கோ இதே மில்லேயைத் தம் குருவாகக் கொண்டிருந்தார் என்பதை விரிவாக அறிந்தேன். 1889, 1890ஆம் ஆண்டுகளில் தென் பிரான்சின் சேன் ரெமி மனநல மருத்துவமனையில் இருந்தபோது, மில்லேயின் படங்களிலிருந்து எடுக்கப்பட்ட கறுப்பு வெள்ளை அச்சுகளை முன்னால் வைத்துக்கொண்டு, தம் மனத்தில் தோன்றிய நிறங்களில் இருபதுக்கும் மேற்பட்ட ஓவியங்களை அவர் தீட்டினார். மங்கிய கத்தரிப்பு ஒன்றிலிருந்தே மில்லேயைப் பெற்ற எங்களுக்கு இந்தச் செய்தி எவ்வளவு நெருக்கமானது என்பதை நம் முன்னாள் மாணவர் சங்கத்தின் இம்மலரைப் படிக்கும் என் வகுப்புத் தோழர்கள் அறிவார்கள்.

ஆனால் நம் ஊர்க்காரர்கள் வான்கோவிடம் முதலில் பார்க்க வேண்டியவை சூரியகாந்திகள் அல்ல, நெசவாளர்கள் என்பது என் உறுதியான எண்ணம். தென் நெதர்லாந்தில் உள்ள நியூனென் என்ற ஊரில் பெற்றோருடன் தங்கியிருந்த காலத்தில், 1884ஆம் ஆண்டின் பெரும்பகுதியை அவர் தறிவீடுகளிலேயே கழித்தார். நெசவாளர்களை எண்ணெய் வண்ணத்திலும் நீர்வண்ணத்திலும் பேனாவிலும் திரும்பத் திரும்ப வரைந்தார். தம்பி தியோவுக்கு எழுதிய கடிதம் ஒன்றில், 1730 என்று ஆண்டு பொறிக்கப்பட்ட பழைய ஓக் மரத் தறி ஒன்றையும், அதன் அருகே சன்னலோரம் குழந்தை நாற்காலியில் அமர்ந்து, ஊடை நூலைக் குறுக்கே கொண்டுபோகும் நாடா இப்படியும் அப்படியும் ஓடுவதை மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கும் கைக்குழந்தையையும் அவர் விவரித்திருக்கிறார். நெய்பவனுக்கு நூல் சுற்றித் தரப் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்தே ஆக வேண்டும் என்றும், வாரம் முழுவதும் உழைத்தாலும் கையில் நிற்பது சொற்பமே என்றும் எழுதியிருக்கிறார். நூலைத் தாரில் சுற்றும் பாட்டியின் மடியோரம் கிடந்து ஜமக்காளத் தறியின் சத்தத்தில் தூங்கி வளர்ந்தவர்களுக்கு அந்தக் கடிதத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அந்தப் படங்களில் தறிதான் பெரிது. கூண்டைப் போல உயர்ந்து நிற்கும் கறுத்த மரச்சட்டங்களுக்குள் நெசவாளி சிறிய உருவமாக அடங்கியிருக்கிறார். முகம் தெளிவாகத் தெரிவதில்லை. நம் ஊர்க் குழித்தறியில் நெய்பவரின் கால்கள் குழிக்குள் இருக்கும், உடல் தரையோடு தாழ்ந்திருக்கும், ஊடை நூலின் நிறம் பட்டை பட்டையாகக் கண்முன்னே வளரும். இரண்டும் வேறு வேறு காட்சிகள்தான். என்றாலும் நாடாவைத் தள்ளிய கை அடுத்த கணத்தில் எங்கே இருக்கும் என்பதை வான்கோ அறிந்திருந்தார். மாதக்கணக்கில் அந்த இருட்டறைகளில் உட்கார்ந்து பார்த்தவருக்கே வாய்க்கும் அறிவு அது.

அந்தப் பயிற்சியெல்லாம் சேர்ந்து 1885ஆம் ஆண்டு ‘உருளைக்கிழங்கு உண்போர்’ என்ற ஓவியமாக ஆயிற்று. அதற்காகக் குளிர்காலம் முழுவதும் உழவர்களின் தலைகளையும் கைகளையும் தனித்தனியே வரைந்து பழகினார். ஆம்ஸ்டர்டாமில் அதன்முன் நின்று பார்க்கும்போது முதலில் தெரிவது இருட்டு. பிறகு, தொங்கும் ஒற்றை விளக்கு. பிறகு, ஒரே தட்டை நோக்கி நீளும் கைகள். முட்டி புடைத்து, விரல்கள் வளைந்து நிமிராமல்போன கைகள் அவை. தட்டில் நீளும் இந்தக் கைகளாலேயே அவர்கள் மண்ணைத் தோண்டினார்கள், உணவை நேர்மையாகச் சம்பாதித்தார்கள் என்பதைச் சொல்லவே இதை வரைந்ததாக அவர் தம்பிக்கு எழுதினார். தோல் உரிக்காத, புழுதி படிந்த உருளைக்கிழங்கின் நிறத்தையே முகங்களுக்கும் கொடுத்ததாகவும் சொன்னார். ஓவியத் தோழரான வான் ராப்பார்ட், அதன் கல்லச்சுப் படியைப் பார்த்துவிட்டுக் கடுமையாகக் குறைகூறிக் கடிதம் எழுத, அவர்களது நட்பே முறிந்துபோயிற்று. உடற்கூற்று இலக்கணப்படி பார்த்தால் குறைகள் உண்டுதான். ஆனால் அளவு பிசகாத கைகளை வரைந்த எத்தனையோ படங்களை அதே நகரில் பார்த்திருக்கிறேன். அவற்றில் ஒன்றின் முன்னாலும் என் தொண்டை அடைத்ததில்லை. வான்கோவின் துயரக் கதையைக் கேட்டு வருபவர்களே அங்கே அதிகம். அந்தக் கதை ஒன்றும் தெரியாத ஒருவரையும் இந்தக் கைகள் நிறுத்திவிடும் என்று நான் நம்புகிறேன்.

இப்படிப் பார்க்கும் பழக்கம் எங்களுக்குச் சேலத்தை அடுத்த தாரமங்கலத்தில்தான் ஏற்பட்டது. அப்பகுதியை ஆண்ட கெட்டி முதலிகள் எடுப்பித்த கைலாசநாதர் கோயிலுக்கு வாத்தியார் எங்களை அழைத்துப் போனபோது, சிங்கத்தின் வாய்க்குள் உருளும் கல் உருண்டையை விரலால் தள்ளிப் பார்க்கத்தான் எல்லோரும் முண்டியடித்தோம். அவரோ எங்களைப் பிரித்து, சிலரை வில்லேந்திய இராமன் நிற்கும் தூணருகேயும் சிலரை வாலியும் சுக்ரீவனும் பொருதும் தூணருகேயும் நிறுத்தினார். இராமன் பக்கம் நின்றவர்களுக்கு வாலி தெரிந்தான். வாலி பக்கம் நின்றவர்களுக்கு இராமன் தெரியவில்லை. மறைந்து நின்று அம்பு எய்தது அறமா என்று வாலி கேட்ட கேள்விகளைத் தமிழ் வகுப்பில் மனப்பாடம் செய்திருந்தோம். இங்கே, பெயர் தெரியாத ஒரு சிற்பி, அந்தக் கேள்வியைத் தூண்களை நிறுத்திய இடத்திலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார். பார்ப்பவர் நடந்து போய் நின்றால்தான் அந்தச் சிற்பம் முழுமை பெறுகிறது. ஐரோப்பாவின் புகழ்பெற்ற கூடங்களில் பலவற்றைப் பார்த்த பிறகும், பார்ப்பவரின் கால்களை இவ்வளவு நுட்பமாகக் கணக்கில் எடுத்துக்கொண்ட வேறொரு படைப்பு எனக்குத் தென்படவில்லை.

கே.சி.எஸ். பணிக்கரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1911இல் கோயம்புத்தூரில் பிறந்து, பின்னர் சென்னை அரசு ஓவியப் பள்ளியின் முதல்வராகி, 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவியவர் அவர். எங்கள் வாத்தியார் அவர் காலத்தில் அந்த ஓவியப் பள்ளியில் படித்தவர். ஜாதகக் கட்டங்களையும் படிக்க முடியாத எழுத்து வரிசைகளையும் கொண்ட ‘சொற்களும் குறியீடுகளும்’ ஓவியங்களை நான் மதிக்கிறேன், நெடுநேரம் பார்த்தும் இருக்கிறேன். அவை என்னை யோசிக்க வைக்கின்றன, உருக வைப்பதில்லை. வாத்தியாருக்கோ அவற்றைப் பற்றிப் பேசும்போது குரல் தழுதழுக்கும். ஒருவரை அசைப்பது இன்னொருவரை அசைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதை அவரே எங்களுக்கு அனுமதித்திருந்தார்.

இவ்வாண்டு சங்கப் பொதுக்குழுவில் இரண்டு வேண்டுகோள்களை முன்வைக்க விரும்புகிறேன். நியூனென் நெசவாளர் ஓவியம் ஒன்றின் தரமான பெரிய அச்சுப்படியை நம் பள்ளி ஓவிய வகுப்புக்கு வாங்கி அனுப்பும் செலவை ஐரோப்பாக் கிளை ஏற்கட்டும். இங்கே வாங்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொள்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை ஆண்டுதோறும் தாரமங்கலம் அழைத்துப்போய் வரும் பேருந்துச் செலவைச் சங்கம் ஏற்கட்டும். கல் உருண்டையை உருட்ட அவர்களுக்கு வேண்டிய மட்டும் நேரம் கொடுத்துவிட்டு, பிறகு அந்த இரண்டு தூண்களருகே நிறுத்தச் சொல்லுங்கள்.